சிரிலின் ஜெர்மன் கிட்டார்

என் வீட்டுக்காரர் சிரில் இறந்து நாலு மாதம் கழித்து, தொண்ணூற்றெட்டில், அவருடைய கிட்டாரை விற்கப்போவதாகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். 'பழைய ஜெர்மன் கிட்டார். ஞாயிறு மட்டும் நேரில் வந்து வாசித்துப் பார்க்கலாம். தொடர்புக்கு: டோரீன், ரிச்சர்ட்ஸ் டவுன்.' விற்கும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. அதனால்தான் யானை விலை சொன்னேன்.

ஜெர்மன் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மவுசு. எல்லோரும் கற்றுக்கொள்வது மலிவான கல்கத்தா கிட்டாரில். கண் மட்டும் ஜெர்மன்மேல். ஜெயநகரிலிருந்து வந்தார்கள், ஒருவர் ஓசூரிலிருந்துகூட வந்தார். கிட்டாரை டியூன் செய்யாமல் வாசிக்க முடியாது, வாசிக்காமல் விலை பேச முடியாது. அந்த அரை மணி நேரம் என் வீட்டில் மனிதச் சத்தம் கேட்கும். அதுவும் போதாதென்று, சனிக்கிழமையே ஆறு கீயையும் திருகித் தந்திகளைத் தளர்த்தி வைத்துவிடுவேன். டியூன் செய்ய இன்னும் பத்து நிமிடம் ஆகுமே! வெட்கக்கேடுதான். மற்ற ஆறு நாளும் சுவரோடு பேசுகிறவளுக்கு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஐந்தாவது ஞாயிறு பரத் வந்தான். சேலத்துப் பிள்ளை. சாஃப்ட்வேர் வேலை, பிரேசர் டவுனில் ஒற்றை அறை.

"ஆறும் ஒரே அளவு இறங்கியிருக்கே ஆன்ட்டி," என்று என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் டீயை நீட்டிச் சமாளித்தேன். பொறுமையாக டியூன் செய்து வாசித்தான். பிறகு சின்ன டார்ச்சை எடுத்து கிட்டாரின் வயிற்றுக்குள் அடித்துப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள ஒட்டியிருக்குற ஜெர்மன் லேபிள் ஓரம் பிரிஞ்சிருக்கு. அடியில கல்கத்தா முத்திரை இருக்கு."

"என்ன உளர்றே? நாப்பது வருஷமா இந்த ஏரியாவுல அவரை ஜெர்மன் சிரில்னுதான் கூப்பிடுவாங்க!"

"சவுண்ட் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா ஜெர்மன் இல்ல."

"வாங்க வக்கில்லேன்னா கிளம்பு!" என்று கத்தினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். சிரில் ஏமாந்தாரா, இல்லை இத்தனை வருஷம் என்னை ஏமாற்றினாரா? கேட்டுச் சண்டை போட ஆள் இல்லை. அவர் போய்விட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். தெரிந்துகொண்டே ஜெர்மன் என்று எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை. கல்கத்தா என்று எழுதினால், கடையில் புதுசே தொங்கும்போது யார் வரப்போகிறார்கள்? மூன்று ஞாயிறு போயிற்று. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கடிகாரச் சத்தம்தான். கிட்டாரை நான் தொடவே இல்லை.

நாலாவது ஞாயிறு பெல் அடித்தது. பரத் நின்றுகொண்டிருந்தான்.

"கிட்டார் வித்துடுச்சா ஆன்ட்டி?"

"இல்ல."

"என்ன விலை?"

"அதே விலைதான்," என்றேன்.

"இன்னொரு தடவை வாசிச்சுப் பார்க்கலாமா?"

கொண்டுவந்து கொடுத்தேன். ஒருமுறை மீட்டினான். அன்றைக்கு அவன் டியூன் செய்தது அநேகமாக அப்படியே இருந்தது. என் திருட்டு வேலைதான் இந்தச் சனிக்கிழமை நடக்கவில்லையே. இரண்டு பாட்டு வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவான் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒவ்வொரு கீயாகத் திருகி, ஆறு தந்திகளையும் தளர்த்தினான்.

"டியூன் சுத்தமா போயிருக்கு. ரொம்ப நேரமாகும் ஆன்ட்டி," என்றான். "அன்னைக்கு டீயைக்கூட முழுசாக் குடிக்கல."