மூன்று கைநாட்டு

ரெத்தினத்தைப் பற்றிய கதையை நான்காவது முறையாக எழுதியிருந்தேன். எட்டாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிறகு, நெல் குதிருக்குப் பின்னால் பதினோரு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. அது அம்சத்துக்கு மட்டும்தான் தெரியும். ரெத்தினத்தின் மனைவி, எங்கள் வீட்டுக்கு நெல் அவிக்க வருகிறவள்.

"அவர வச்சு எழுதுனேன்னீங்களே. படிங்க பாப்பா" என்றாள்.

படித்தேன். குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சர்க்கார் சட்டம் போட்ட நேரம். கதையில் நிலத்துக்காரர் ராவுத்தர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். 'நான் கூலிக்கு உழுதவன், குத்தகைக்காரன் இல்லை' என்று அதில் இருக்கிறது. ரெத்தினம் அதைக் கிழித்து வாய்க்காலில் எறிகிறார்.

அம்சம் சிரித்துவிட்டாள். "இவரா? எருமை முட்டுனா எருமைகிட்டயே மன்னிப்புக் கேக்குற மனுசன்."

"கதைதானே அம்சம்."

"அப்ப வேற பேரு வச்சுக்கங்க. இவரு கைநாட்டு வச்சாரு. அதுவும் மூணுவாட்டி. அத ஏன் விட்டீங்க?"

ரெத்தினத்துக்கு நாற்றுப் பறித்துத் தேய்ந்த கட்டைவிரல். மை ஒட்டியது, ரேகை விழவில்லை. கதையில் ராவுத்தராக வரும் என் அத்தா மறுபடி மறுபடி அழுத்தச் சொன்னார். "மன்னிச்சுக்குங்கய்யா, வெரல் சரியில்ல" என்றார் ரெத்தினம். இதை எழுதினால் ஜோடித்தது என்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அது பாதிக் காரணம்தான். அத்தா சொல்லச் சொல்ல அந்தக் காகிதத்தை எழுதியவளே நான். நடந்ததை எழுதினால் நானும் கதைக்குள் போய் உட்கார வேண்டும்.

அம்சம் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு தாசில்தார் விசாரணை. பன்னண்டு வருசமா அந்த மூணு மா நெலம் எங்க குத்தகைன்னு சொல்ல ஆளில்ல. கதையில கிழிச்சுப் போட்ட காயிதத்த வச்சு நான் என்ன பண்ணுவேன்? நடந்தத எழுதிக் குடுங்க. அவரு கைநாட்டு வச்ச காயிதமும் இதுவும் ஒரே கையெழுத்துன்னு பாத்தாலே தெரியும்ல."

"அத்தாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியத்தான் செய்யும்" என்றாள்.

புதுப் பக்கம் திருப்பினேன். இதில் வாய்க்கால் வரவில்லை. மூன்றாவது வரியிலேயே நான் வந்துவிட்டேன். முடித்து, 'ஜன்னத் பீவி' என்று கையெழுத்துப் போட்டுப் படித்துக் காட்டினேன். 'வெரல் சரியில்ல' என்ற இடத்தில் அம்சம் சிரிக்கவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப் பக்கமாகப் போனாள்.

வாசலில் அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நோட்டை ஒளிக்க எழுந்திருக்க வேண்டும். அசதியாக இருந்தது. எழுந்திருக்கவில்லை.