இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தக்கூடாது

காஜா பெராங் சாலையோரப் பட்டறையில் அப்பாசாமி ஒரு பழைய லோரி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். கிழங்கு ஏற்றிவர வண்டி வேண்டும், இதை ஓட வைத்தால் உன்னையும் நீ சேர்த்துக்கொள்கிற இன்னொருவனையும் சயாம் ரயில் வேலைக்குப் பிடிக்கமாட்டோம் என்று ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தான். சயாமுக்குப் போனவர் யாரும் இதுவரை திரும்பவில்லை. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை.

மூன்று பிஸ்டன்கள் உடைந்திருந்தன. மற்றதையெல்லாம் அப்பாசாமி எப்படியோ தேற்றிவிட்டான். ரிங்குகளை இறுக்கிப் பிடிக்க பிஸ்கட் டின்னை வெட்டி வளையம் செய்தான். வால்வு தேய்க்கக் கண்ணாடியை இடித்துச் சலித்து எண்ணெயில் குழைத்தான். பிஸ்டனுக்குத்தான் வழியில்லை. யுத்தத்துக்கு முன் லோரி முதலாளிக்காக அவனே அந்த சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கியிருந்தான். உஜோங் பாசிர் வரை பழைய இரும்புக் கடைகளைத் துழாவிக் கொண்டுவந்ததெல்லாம் உள்ளே லொடலொடவென்று ஆடின.

அந்த நேரத்தில்தான் சின்னப்பா கூடையோடு வந்தார். கம்போங் செட்டிக்காரர், தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் வராது, மலாய்தான். ஜப்பானிய ராணுவ வளாகத்துக்குள் புல் வெட்டப் போய்வருபவர். புல் வெட்டத்தான் போகிறார் என்பதை ஊர் நம்பவில்லை. அவர் ஒரு தெருவில் நடந்து போனால் அடுத்து அங்கே சோதனை வரும் என்று பேச்சு.

கீரைக்கு அடியிலிருந்து மூன்று பிஸ்டன்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இது வேணும்னு யார் சொன்னது, பாக்?" என்று அப்பாசாமி மலாயில், பெரியவருக்கான மரியாதையோடு கேட்டான்.

"நீதான் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியிறியே."

"எங்க கெடச்சிச்சு?"

"எடுத்துக்க. கேக்காத."

உதிரி பாகம் ஒளித்துவைத்தாலே அடித்து இழுத்துப் போகிற காலம். இவர் வைத்துவிட்டுப் போவார், பின்னாலேயே ஜப்பானிய ராணுவப் போலீஸ் கெம்பெய்தாய் வந்து நிற்கும். "வேணாம், எடுத்துட்டுப் போங்க," என்றான். அவர் அசையவில்லை.

ஆனாலும் அப்பாசாமியின் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை எடுத்து சிலிண்டரில் விட்டான். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தக்கூடாது. வெளியே எடுத்துத் திருப்பினான். உட்புறத்தில் உளியால் குத்திய புள்ளிகள், அவன் கை வேலை. அதே முதலாளியின் இன்னொரு லோரியையும் இதே அளவுக்குக் கடைந்தபோது அதன் பிஸ்டன்களில் அவன் போட்ட அடையாளம். அந்த லோரியைத்தான் ஜப்பான்காரர்கள் பறித்துப் போய் அலோர் காஜா சாலையில் கவிழ்த்திருந்தார்கள்.

"அவங்ககிட்டயே திருடுனீங்களா?"

"எஞ்சினை அவங்களே பிரிச்சு வளாகத்துப் பின்னால போட்டுட்டாங்க. அதைச் சுத்தித்தான் புல் நல்லா வளருது."

"எனக்காக எதுக்கு?"

"உனக்காக இல்ல. எம்பொண்ணு மல்லிகாவோட புருஷன் கணபதியை சயாமுக்குக் கூப்பிட்டாங்க. பரண்மேல ஒளிஞ்சிருக்கான். உன்கூட இன்னொரு ஆளையும் விட்டுடுவாங்கன்னு வளாகத்துல காதுல விழுந்துச்சு. அந்த இன்னொரு ஆள் அவனா இருக்கட்டும்."

அப்படியும் அப்பாசாமிக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போனான். பரணிலிருந்து கணபதி இறங்கிவந்தான். வெயில் படாத முகம் மாவாய் வெளுத்திருந்தது. இருமல் வெளியே கேட்காதிருக்க வாயில் துணியை அடைத்திருந்தான். அப்பாசாமி பட்டறைக்குத் திரும்பிவந்து, புள்ளிகளை அரத்தால் ராவித் தேய்த்தான்.

எஞ்சின் ஓடியது. அதிகாரி மொழிபெயர்ப்பாளனோடு வந்து நின்றான்.

"பிஸ்டன் எங்கே கிடைத்தது என்று கேட்கிறார்."

"பழசையே சீர் பண்ணிப் போட்டேன்."

அதிகாரி எஞ்சினைப் பார்க்கவில்லை. அப்பாசாமியின் கைகளையே வெகுநேரம் பார்த்தான். பிறகு, கட்டியிருப்பவனைச் சயாமுக்குப் பிடிக்கக்கூடாது என்பதற்கான இரண்டு கைப்பட்டைகளை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனான்.

கணபதி லோரியில் புக்கிட் காதிலுக்குக் கிழங்கேற்றப் போக ஆரம்பித்ததும் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவித்த கிழங்கைத் தட்டில் வைத்தபடி மனைவி சிவகாமி சொன்னாள்: "சின்னப்பா மருமகனுக்குக் கைப்பட்டை கெடச்சிருச்சு. யாரைக் காட்டிக் குடுத்து வாங்குனாரோ. அந்தாளோட நீங்க பேச்சு வச்சுக்காதீங்க."

அப்பாசாமி உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். சிவகாமியிடம் சொன்னால் கிணற்றடிக்குப் போகும். கிணற்றடியிலிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

"சரி," என்று கிழங்கைப் பிய்த்தான்.