மூக்கர் பெயரில் ஏறிய மீன்

மீன் குளிர்கிடங்கின் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்து பார்ப்பதுதான் பெரியவரின் வேலை. லாரிக்காரர்கள் வைத்த பெயர் மூக்கர். செவுளைத் தூக்கிப் பார்த்து அவர் முகம் சுளித்தால், சரக்கு வந்த வழியே போக வேண்டியதுதான்.

மனைவியின் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பிய அன்று, குளிர் அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கண் வெளுத்து, வயிறு வெடித்து, சளிபோல் ஒழுகிக்கொண்டிருந்தது ஒரு லாரி மீன். எந்தப் பாவி உள்ளே விட்டான் என்று அவர் கத்துவதற்குள் மேனேஜர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சரக்கை ஏற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. லீவில் இருந்தேன் என்றால், சிஸ்டம் பொய் சொல்லாது என்றார் மேனேஜர். சாயங்காலத்துக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் நாளை முதல் வரவேண்டாமாம்.

தராசையும் தலைமை ஆபீசின் பெரிய சிஸ்டத்தையும் இணைக்க ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள். முகம் காட்டாமல் பின்னாலேயே ஓடும். தராசில் பெட்டி ஏறினால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சிஸ்டத்தில் எழுதிவிடும். நாற்றம் அதற்கு எங்கே தெரியும்? வைத்தது பெரியவரின் மருமகன், கிடங்கின் கம்ப்யூட்டர் ஆள். உங்களுக்கு வேலை மிச்சம் மாமா என்றபோதே அவருக்கு உறுத்தியது. மிச்சம் என்று எவன் சொன்னாலும் மடியைத் தடவிப் பார்க்கிற ஆள் அவர். சோதித்துப் பார்க்க என்று கேட்டதால் பாஸ்வேர்டைச் சொல்லித் தொலைத்திருந்தார்.

மருமகன் வந்து தலையைச் சொறிந்தான். பெயர் இல்லாமல் சிஸ்டம் யாரையும் உள்ளே விடாதாம். புரோகிராமுக்கென்று தனிப் பெயர் வாங்கத் தலைமை ஆபீசில் நாளாகுமாம். அதனால் அவர் பெயரிலேயே நுழைய விட்டிருக்கிறான்.

"வெறும் லாகின்தானே மாமா. உள்ள போக ஒரு பேரு வேணும், அவ்வளவுதான்."

"அப்ப உங்கப்பா பேரைப் போட்டிருக்கலாமே, மாப்ள."

பெரியவர் மருமகனைச் செவுளைப் பார்ப்பதுபோல் பார்த்து முகம் சுளித்தார். அழுகின மீன்கூட நான் அழுகவில்லை என்று சொல்வதில்லை. நேராகத் தன் கம்ப்யூட்டருக்குப் போய், ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பாஸ்வேர்டை மாற்றினார்.

புரோகிராம் வாசலிலேயே நின்றுவிட்டது. தராசில் ஏறிய பெட்டி எதுவும் சிஸ்டத்துக்குப் போகவில்லை. லாரிகள் தெரு முனைவரை நின்று ஹாரன் அடித்தன. மேனேஜர் ஓடிவந்தார்.

"புதுசு என்னன்னு சொல்லுங்க பெரியவரே. வண்டியெல்லாம் நிக்குது."

பெரியவர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க பேரையும் பாஸ்வேர்டையும் போடுங்க சார். அது பாட்டுக்கு ஓடட்டும்."

மேனேஜர் உட்காரப் போனார். திறந்து கிடந்த அறையிலிருந்து நாற்றம் வந்தது. பாதி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கை கீபோர்டு பக்கம் வரவேயில்லை.

"உங்களுக்கும் நாறுதா சார்?"

புரோகிராமுக்குத் தனிப் பெயர் இன்றைக்கே வேண்டும் என்று மேனேஜர் தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார். கெட்ட மீனைக் குழியில் கொட்டச் சொன்னார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தப் பதிவுல உங்க பேர எடுத்துடறேன். வாசலுக்குப் போங்க," என்றார்.

பெரியவர் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். அன்று அவர் மீன் எதையும் தொட்டிருக்கவில்லை. கீபோர்டைத்தான் தொட்டிருந்தார். இன்னொரு தரம் கழுவினார்.