நாலு ஃப்ளாப்பியில் கண்ணுசாமி

குத்தகை நிலத்தை விடமாட்டேன் என்று நின்ற கண்ணுசாமியை மிராசு பஞ்சநதம் பட்டப்பகலில் வயலுக்குள் வைத்து வெட்டினான். எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போட்டோ எடுத்துவிட்டான். அரிவாளும் முகமும் பிசகாமல் விழுந்திருந்தன. பஞ்சநதத்தின் ஆட்கள் படம் கழுவிய ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். ஃபிலிம், போட்டோ எல்லாம் சாம்பல். அதற்கு முன்பே கண்ணுசாமியின் தங்கை வேம்பு, தான் வேலை பார்த்த திருவாரூர் கம்ப்யூட்டர் சென்டரில் படத்தை ஸ்கேன் செய்திருந்தாள்.

ஒரு ஃப்ளாப்பியில் அடங்குகிற சைஸா அது? நாலாக உடைத்து நாலு ஃப்ளாப்பியில் ஏற்றினாள். தஞ்சாவூர் வக்கீலிடம் சேர்த்தால் போதும், பஞ்சநதம் தப்ப முடியாது. தாய்மாமன் சாமிதுரை அவற்றைத் தனக்கும் விவசாயச் சங்கத்து ஆட்கள் மூன்று பேருக்குமாக ஆளுக்கொன்றாகப் பிரித்தார்.

“நாலும் ஒண்ணா இருக்கணும் மாமா. ஒண்ணு கொறஞ்சாலும் படம் தெறக்காது.”

“வெள்ளத்துக்குப் பயந்து வெதநெல்ல நாலு வீட்டுல பிரிச்சு வைக்கிற சனம் நாம. எனக்கா சொல்லித் தர்ற? ஒரு வீடு போனா மூணு வீடு நிக்கும்.”

சங்கத்து ஆட்கள் பலமாகத் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கு என்ன செலவு? கம்ப்யூட்டரில் முழுசாக இருக்கிறதே என்று வேம்பும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பஞ்சநதத்தின் ஆட்கள் கடப்பாரையோடு வந்து கம்ப்யூட்டரைப் பிளந்து போட்டார்கள். குறுக்கே விழுந்த வேம்பின் மண்டை உடைந்தது. அதே கும்பல் பஸ் ஸ்டாண்டில் சாமிதுரையை மடக்கியது.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் அவர் சிரித்த முகமாகத்தான் படுத்திருந்தார்.

“ரெண்டு வெரல வெட்டுனானுவ, குடுக்கல. கழுத்துல அருவாள வெச்சப்புறந்தான் என்கிட்ட இருந்தத நீட்டுனேன். போயிட்டுப் போவுது. மூணு இருக்குல்ல?”

வேம்புக்கு அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போலிருந்தது.

“மூணும் குப்பைக்குத்தான் மாமா. அண்ணன வெட்டுனவன் இனிமே நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பான்.”

“அப்ப நான் குடுத்தது மொத்தப் படத்தையுமா?”

“ஆமா.”

சாமிதுரை எழுந்து உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையைச் சுவரில் ஓங்கி அறைந்தார். மறுபடி அறைந்தார். துணி நனைந்து சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் இறங்கியது. நர்ஸ் ஓடி வந்து அவர் தோளை அமுக்கிக்கொண்டு, “அந்தக் கையப் பிடிம்மா” என்றார்.

வேம்பு பிடிக்கவில்லை.