அக்கா இன்றைக்கு லீவு

பாட்டில் நிரப்பும் ஆலையில் லேபிள் இயந்திரத்தை அவள் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். அன்று ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல். மேலாளர் அறையின் கண்ணாடி வழியே கீழே ஆலை முழுவதும் தெரிந்தது.

"வேலையில உங்களை ஒரு குறை சொல்ல முடியாதும்மா," என்றார் மேலாளர். "ஆனா கீழ இருக்கறது நாப்பது ஆம்பளைங்க. பொம்பளை பேச்சைக் கேப்பாங்களா?"

அவள் வாய் திறப்பதற்குள் மேசைமேல் போன் அடித்தது. மேலாளர் ஸ்பீக்கரில் போட்டார். அதே பதவிக்கு விண்ணப்பித்திருந்த சீனியர் ஆபரேட்டரின் குரல்.

"சார், அக்கா இருக்காங்களா? லேபிள் கோணையா ஒட்டுது. லைனை நிறுத்திட்டோம்."

"பசை ஆறியிருக்கும். சூட்டை அஞ்சு டிகிரி ஏத்திட்டு ரோலரைத் துடைங்க," என்றாள்.

"சரிக்கா."

சில நிமிடங்களில் கண்ணாடிக்குக் கீழே பாட்டில்கள் மறுபடி நகர்ந்தன.

"கேட்டாங்களே சார்."

மேலாளர் சிரித்தார். "அக்கான்னா கேப்பாங்க. மேடம்னு போய் நின்னா எவன் கேப்பான்? போஸ்ட்டை அவருக்கே குடுக்கலாம்னு இருக்கோம். நீங்க கூட இருந்து பாத்துக்கங்க."

மறுபடி போன். பாட்டில்கள் நின்றிருந்தன. மேலாளர் போனை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"எடுங்கம்மா."

"உங்க மேற்பார்வையாளர் கீழதானே இருக்காரு, அவரே பாக்கட்டும் சார். அக்கா இன்னிக்கு லீவு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் கீழே பார்த்தார். நாற்பது பேரும் தலையை நிமிர்த்தி அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.