ஐந்தரைக் கட்டை

அமெரிக்காவிலிருந்து வந்த ரெகார்டு பிளேயரை ஹாலில் பிரித்து வைத்து அன்றோடு பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தரையெல்லாம் வயர். அபிராமபுரத்து அந்தச் சின்ன வீட்டில் ஹாலைத் தாண்டாமல் சமையலறைக்குப் போக முடியாது. ஹம்சா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் நடப்பதுபோல நடந்து பழகிவிட்டாள்.

பிளேயரைக் கொடுத்தது அவள் மைத்துனன் சாய்நாத். நியூஜெர்சியில் வீடு மாற்றியபோது, தூக்கிப் போட மனசில்லாமல் லீவில் வரும்போது கொண்டுவந்துவிட்டான். அது நூற்றிப் பத்து வோல்ட்டில் ஓடுவது என்பதால் செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டியிருந்தது. வாங்கினதுதான் வாங்கினோம் என்று அவள் கணவர் சுந்தரராமன் ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு சி.டி. பிளேயர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. எதையும் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தானே செய்ய வேண்டும் அவருக்கு.

சி.டி. முதல் நாளே கண்ணாடி மாதிரி பாடியது. ஹம்சாவுக்கு அதில் அக்கறை இல்லை. அவளுடைய பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு சின்ன ரெகார்டு இருந்தது. எழுபத்தைந்தில், அவளுக்குப் பத்தொன்பது வயதில், ஒரு கம்பெனி அவளை வைத்து இரண்டு பாட்டு பதிவு செய்தது. அடுத்த வருஷமே கம்பெனியை மூடிவிட்டார்கள். அவளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது சாயங்காலங்களில் எட்டுப் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ரெகார்டைக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வீட்டிலேயே கேட்கலாம் என்றதும், ஆசையாகத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஸ்பீக்கரில் ஒரு ஆண்பிள்ளை பாடினான். கல்யாணி ராகத்தை அலுப்போடு இழுத்து இழுத்துப் பாடினான்.

"ஏன்னா, இது என் குரலே இல்லையே" என்றாள் ஹம்சா.

"பழைய ரெகார்டு. தேஞ்சிருக்கும்."

"தேஞ்சா கரகரன்னு கேக்கும். சுருதி எப்படி இறங்கும்?"

"பாடின அன்னிக்கு உனக்கு ஜலதோஷமோ என்னவோ."

அவள் சுருதிப் பெட்டியை எடுத்துவந்து போட்டுக் காட்டினாள். தான் பாடியது ஐந்தரைக் கட்டை, இங்கே நாலுக்கும் கொஞ்சம் கீழே ஓடுகிறது என்று சொன்னாள். சுந்தரராமன் தலையாட்டிவிட்டு ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் குமிழைத் திருப்பினார். இப்போது அந்த ஆண்பிள்ளை மூக்கால் பாடினான்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தார். ஊசியை மாற்றினார். வயரை மாற்றினார். மோட்டாருக்கு எண்ணெய் விட்டார். எண்ணெய் ரப்பர் பெல்ட்டில் பட்டு, அதைத் துடைத்துக் காயவைக்க ஒரு நாள் போயிற்று. பாட்டு வகுப்பு படுக்கையறைக்கு மாறியது. எட்டுப் பெண்களும் கட்டிலிலும் தரையிலுமாக நெருக்கி உட்கார்ந்து வர்ணம் பாடும்போது, ஹாலிலிருந்து அந்த ஆண் குரல் நடுநடுவே எழுந்து அடங்கும். யார் பாடுகிறார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். ஹம்சா தொடையில் தாளத்தை இன்னும் பலமாகத் தட்டினாள்.

ஒரு நாள் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரெகார்டைப் போட்டாள். லேபிளில் நாலு நிமிஷம் பத்து செகண்டு என்று அச்சடித்திருந்தது. பாட்டு முடிய முழுசாக ஐந்து நிமிஷம் ஆயிற்று. இதையும் சொன்னாள்.

"லேபிள்ல தப்பா அச்சடிச்சிருப்பான்" என்றார் சுந்தரராமன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை இருவருமாக ரிச்சி தெருவுக்குப் போனார்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கும் ஹபீபுர் ரஹ்மான், பிளேயரைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். உடனே சிரித்துவிட்டார்.

"சார், இது அமெரிக்கா மிஷினு. அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது தபா துடிக்கும். இங்க அம்பதுதான். இந்த மோட்டாரு அந்தத் துடிப்பை வச்சுத்தான் சுத்திக்கினு கீது. நீங்க போட்ட டிரான்ஸ்ஃபார்மரு வோல்ட்டைக் கொறைக்கும், துடிப்பை இன்னா பண்ண முடியும்?"

"அப்போ மெதுவா சுத்தறதா?" என்று கேட்டாள் ஹம்சா.

"ஆமாம்மா. அஞ்சு நிமிசப் பாட்டு ஆறு நிமிசம் போவும். ஆம்பளை பாடுற மாரி இருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

ஹம்சா கணவரைப் பார்த்தாள். அவர் எதிர்க்கடையில் தொங்கிய ஃபேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி இருக்கிறது என்றார் ஹபீபுர் ரஹ்மான். மோட்டார் அச்சில் பெல்ட் மாட்டும் பித்தளைப் புல்லி ஒன்று இருக்கிறது. அதை அஞ்சுக்கு ஆறு என்ற கணக்கில் பெரிதாகக் கடைந்து மாட்டினால் வேகம் சரியாகிவிடும். கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெள்ளைத்துரை என்று ஒருவர் லேத் வைத்திருக்கிறார், அவரிடம் கொடுங்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்தார்.

சுந்தரராமன் வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மரஸ்கேலை வைத்துப் பழைய புல்லியை அளந்தார். கணக்குப் போட்டார். திங்கட்கிழமை கிண்டியில் கொடுத்து, புதன்கிழமை வாங்கி வந்து மாட்டினார்.

இந்தத் தடவை ரெகார்டில் ஏழு வயதுக் குழந்தை பாடியது. எங்கேயோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஒரு கல்யாணி.

"சரியாயிடுத்து பார்" என்றார்.

"வேகமா ஓடறது. ஆறு கட்டையைத் தாண்டிடுத்து."

"உனக்குத் திருப்தியே கிடையாது. அப்போ சின்னப் பொண்ணுதானே நீ? குரல் இப்படித்தான் இருந்திருக்கும்."

ஹம்சா சமையலறைக்குப் போய், கழுவி வைத்த டம்ளரை மறுபடியும் கழுவினாள். நான் எப்படிப் பாடினேன் என்பதை என்னைத் தவிர எல்லாரும் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். ஸ்கேலைக் கேட்கிறார், புத்தகத்தைக் கேட்கிறார், கடைக்காரரைக் கேட்கிறார். டம்ளரை மூன்றாவது தடவையும் கழுவினாள்.

மறுநாள் அவர் ஆபீஸுக்குக் கிளம்பிய கையோடு பிளேயர், டிரான்ஸ்ஃபார்மர், ரெகார்டு, சுருதிப் பெட்டி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிண்டிக்குப் போனாள்.

வெள்ளைத்துரைக்கு ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி, பேச்சே அப்படி ஆகிப்போயிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார்.

"சார் எழுதிக் குடுத்த அளவுதாம்மா. பதிமூணு மில்லின்னு போட்டிருக்காவ பாருங்க. பழசை நான் மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்தேன், பத்துதான் இருந்துச்சு. பன்னெண்டுதானே வரும்னேன். எழுதினதைச் செய்யுங்கன்னுட்டாவ."

"அப்போ பன்னெண்டு வச்சுக் குடுங்கோ."

"பெல்ட்டு கனமும் இருக்குல்லா. கணக்குப் போட்டா பக்கத்துல வரும், கச்சிதமா வராது. சரியாச் சுத்துதான்னு எப்படிப் பாக்கப் போறீய?"

"கேட்டுப் பாத்துச் சொல்வேன்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எல்லா மெஷினையும் நிறுத்திருவோம். அப்ப என் மெஷினை மட்டும் போட்டுக்கிடுதேன். இருங்க."

ஒரு மணிக்கு ஷெட் அடங்கியது. ஸ்பீக்கர் கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ஹம்சா ரெகார்டின் மேல் ஊசியை வைத்துக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஊசியிலிருந்தே நூலிழை மாதிரி குரல் வந்தது. மடியில் சுருதிப் பெட்டி ஐந்தரையில் ஓடியது.

"இன்னும் மேல இருக்கு."

அவர் புல்லியைக் கழற்றி, லேத்தில் மாட்டி, ஒரு மயிரிழை சீவி, மறுபடியும் கொண்டுவந்து மாட்டினார்.

"இன்னும் துளி மேல."

ஐந்தாவது தடவை, "கீழ போயிடுத்து" என்று ஹம்சா சொன்னபோது அவளுக்கே அழுகை வரும்போல் இருந்தது. சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. மூன்றரைக்குப் பாட்டு வகுப்புக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள். வெள்ளைத்துரை அந்தப் புல்லியைக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டு, பித்தளைக் கம்பியிலிருந்து வேறொரு துண்டை வெட்டினார். சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

இரண்டாவது புல்லியில் நாலாவது தடவை ஊசியை வைத்தபோது, பெட்டியின் சுருதியும் நூலிழைக் குரலும் ஒன்றில் ஒன்று மறைந்துபோயின. ஹம்சா கையை உயர்த்தினாள். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

சாயங்காலம் சுந்தரராமன் வந்ததும் ஹம்சா விஷயத்தைச் சொன்னாள். புல்லியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஸ்கேல்ல ஒரு மில்லி முன்னே பின்னே ஆயிருக்கும்" என்றார். அப்புறம் போனை எடுத்துத் தம்பிக்கு டயல் செய்தார். "சாய்நாத், இதுல ஒரு சூட்சுமம் இருந்துதுடா. புல்லி மாத்தினேன்..."

"பாட்டு போடப் போறேன்" என்றாள் ஹம்சா. "பேசணும்னா அப்புறம் பேசுங்கோ."

குரல் உயரவில்லை. ஆனாலும் அவர் அவளைப் பார்த்துவிட்டு, "அப்புறம் பண்றேன்" என்று போனை வைத்தார். வயர்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தார்.

ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் பாடினாள். அனுபல்லவியில் ஒரு சங்கதிக்கு சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்ததை ஹம்சா ஓரக்கண்ணால் கவனித்தாள். சரணத்தில் குரல் ஏறி மேல் காந்தாரத்தைத் தொடும் இடம் வந்தது. ஹம்சா எழுந்து ஊசியைத் தூக்கிக் கொஞ்சம் பின்னால் வைத்தாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வைத்தாள்.

"என்ன தேடறே?"

"இங்க சுருதி இறங்கிடுத்து."

அவர் முகம் வெளிறியது. "மறுபடியும் புல்லியா?"

"புல்லி இல்லை. இது நான்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, ஹம்சா. நன்னாத்தானே இருக்கு."

"உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த இடத்திலேயே ஊசியை மறுபடியும் இறக்கினாள்.