நிரம்பியிருந்த கூலன்ட்

எங்கள் காரின் எஞ்சின், தன்னைச் சூடேறாமல் காக்கும் கூலன்ட் திரவத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டால், நாங்கள்தான் காரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்கிறது கம்பெனி. இதே காரை வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஃபீனிக்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். இன்று எங்கள் காரைச் சோதிக்கக் கம்பெனியின் நிபுணர் ஹாட்லி வீட்டுக்கே வந்தார். எங்கள் வக்கீல் பிரிசில்லாவும் பக்கத்தில் நின்றாள்.

ஹாட்லி பானட்டைத் திறந்து பார்த்தார். "கூலன்ட் ஃபுல்லா இருக்கே மேடம். ஒரு குறையும் இல்லையே."

நான் என் கணவன் வெண்டலைப் பார்த்தேன். தினமும் காலையில் காபி போடுவதற்கு முன்பே காருக்குக் கூலன்ட் ஊற்றிவிடுவது அவன் வழக்கம்.

"இன்னைக்குமா ஊத்துன?"

"கைப்பழக்கம். பல்லு தேய்க்கிற மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப பல்லத் தேய்ச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல."

ஹாட்லி 'குறை இல்லை' என்று எழுத ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் சாவியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நல்ல கார்தானே. வாங்க, இதுலயே ஃப்ளாக்ஸ்டாஃப் மலை ஏறிட்டு வரலாம். நீங்களே ஓட்டுங்க. வழியில ஊத்த ஒரு சொட்டு கூலன்ட்கூட எடுத்துக்க வேண்டாம்."

அவர் சாவியைத் தொடவில்லை. "இந்த வெயில்லயா? நடுமலையில நின்னுபோச்சுன்னா என்ன பண்றது மேடம்?"

பிரிசில்லா அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"அதத்தான்யா ரெண்டு வருஷமா நாங்க உங்களக் கேட்டுட்டிருக்கோம்" என்றேன்.